விசிறிக்காரன் விழுந்த சேதி

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க டீச்சர், இந்தக் கட்டைப்பை உங்க காலில் இடிக்கும். டீச்சர்தானே? மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா, வேறு யாராக இருக்க முடியும்? நீங்க பாட்டுக்குத் திருத்துங்க. கோயமுத்தூர் போய்ச் சேருகிறவரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன்.

அட, அந்தப் பொண்ணுக்குப் பூஜ்யமா போடறீங்க? பாவம், என்னமோ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறதே. சரி, உங்க பாடு. ஆனால் ஒன்று சொல்கிறேன், நம்ப மாட்டீங்க. ஒரு இடத்தில் பூஜ்யம் வாங்கினால்தான் பாஸ். வேறு எந்த நம்பர் வாங்கினாலும் ஃபெயில். எங்கேன்னு கேளுங்க. கம்ப்யூட்டருக்குள்ளே! நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. இதைப் படிக்க எனக்கு எண்ணாயிரம் முட்டை ஆச்சு.

இந்தாப்பா கண்டக்டர், இந்தப் பைக்கு லக்கேஜா? இதென்ன ஆளா, உட்கார்ந்து வருதா, ஜன்னல் சீட்டுக் கேட்குதா? என் காலடியில் கிடக்கிறது. பாதி டிக்கெட்டா? அதுவும் கிடையாது. போ, போய் அந்த மூட்டைக்காரனைக் கேளு. ... பார்த்தீங்களா டீச்சர், சும்மா கேட்டால் தந்துவிடுவோம் என்று நினைக்கிறார்கள். எனக்குக் கோபமெல்லாம் வராது. சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சந்தையில் முட்டைக் கூடையோடு நின்று பழகிய தொண்டை.

என் பேர் தெய்வாத்தாள். குண்டடத்துக்கு இந்தப் பக்கம் நாட்டுக்கோழிப் பொரிப்பகம் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு மரப்பெட்டி, ரெண்டு குண்டு பல்பு, முப்பது முட்டை. முதல் தடவை முப்பதும் வெந்து போச்சு. ரெண்டாம் தடவை நாலு குஞ்சு. இப்போது பீரோ மாதிரி நிற்கிற மெஷின், ஒரே ஈட்டில் எண்ணாயிரம் முட்டை. யாரும் கையைப் பிடித்துச் சொல்லித் தரவில்லை. ஏமாற்றினவர்கள்தான் எனக்கு வாத்தியார்கள்.

கோழி என்றால் இருபத்தொரு நாள் அடை. உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் தெரியாத சேதி ஒன்று உண்டு. முதல் பத்து நாள் முட்டைக்கு நாம் சூடு கொடுக்க வேண்டும். பதினைந்து நாள் தாண்டினால் உள்ளே குஞ்சு வளர்ந்து, அதுவே சூடு விட ஆரம்பிக்கும். எண்ணாயிரம் குஞ்சும் சேர்ந்து மூச்சு விட்டால் எப்படி இருக்கும்? அப்போது சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதற்கு ஒரு ஃபேன். தொண்ணூற்றொன்பதரை டிகிரியில் நிற்க வேண்டிய சூடு நூற்று மூன்றில் ஒரு மணி நேரம் நின்றால், முட்டை முட்டையாகவே இருந்துவிடும்.

அந்த ஃபேனைப் போடவும் அணைக்கவும் முன்னே ஆள்தான் பார்த்தான். நாச்சிமுத்து. பதினோரு வருசமாக என்னிடம் இருக்கிறான். தங்கமான ஆள். எப்போது கேட்டாலும், "நல்லாத்தான் இருக்குதுங்க" என்பான். மெஷின் எப்படியிருக்கு? நல்லாத்தான் இருக்குதுங்க. சம்சாரம் எப்படி? நல்லாத்தான் இருக்குதுங்க. ஒரே ஒரு தடவை, "ஃபேன் பெல்ட்டு தேஞ்சிருக்குதுங்க" என்று வந்து சொன்னான். நான் ஒன்றும் செய்யவில்லை டீச்சர், கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். கொஞ்சம் தூரமாக வைத்தேன். அது உருண்டு போய்க் கிணற்றில் விழுந்ததற்கு நானா பொறுப்பு? அதற்கப்புறம் அவன் தேய்மானம் கீய்மானம் என்று ஒன்றும் சொன்னதில்லை. எல்லாம் நன்றாக ஓடியது.

மனுசன் தூங்குவான், கம்ப்யூட்டர் தூங்காது என்று பல்லடத்தில் எல்லோரும் சொன்னார்கள். அங்கே எஸ்தர் என்று ஒரு பொண்ணு. வீட்டிலிருந்தே கடைகளுக்குப் பில் மெஷின், கேமரா எல்லாம் போட்டுக் கொடுக்கிறது. ஒல்லி. பேச்சு மெதுவாக வரும், ஆனால் நூலிழை நகராது. அதோடு விலை பேச எனக்கு மூன்று நாள் ஆச்சு. எனக்கு மூன்று நாள் ஆச்சு என்றால் நீங்களே நினைத்துப் பாருங்க.

டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி கொண்டுவந்து மாட்டினாள். மெஷினுக்குள் ஒரு வயர் விட்டாள், அது சூட்டைப் பார்க்கும். பெட்டிக்குள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து, சூடு ஏறினால் ஃபேனைப் போடுவான், இறங்கினால் அணைப்பான். ஆள் என்றால் நிஜ ஆளா? இல்லை. புரோகிராமாம். நான் அவனுக்கு விசிறிக்காரன் என்று பேர் வைத்தேன். முன்னறையில் ஒரு டிவி மாதிரி திரை. அதில் சூடு எத்தனை, விசிறிக்காரன் என்ன செய்கிறான் என்று தமிழிலேயே எழுதி வரும்.

"இவன் செத்துப் போனா?" என்று கேட்டேன். நான் எதை வாங்கினாலும் முதல் கேள்வி அதுதான். மாடு வாங்கினாலும் சரி.

"நல்லாக் கேட்டீங்கக்கா," என்றாள். "பெட்டிக்கு உயிர் வந்ததும் முதல்ல எந்திரிக்கிறது ஒரு ஆளு. அவனுக்கு நம்பரே ஒண்ணு. மத்த எல்லாரையும் எழுப்பி வேலைக்கு விடறதே அவன்தான்."

"மேஸ்திரின்னு சொல்லு."

"மேஸ்திரின்னே வெச்சுக்குங்க. அவன் எழுப்பி விட்ட ஆளு எவன் நின்னாலும் சேதி முதல்ல அவனுக்குத்தான் போகும். நிக்கிறவன் சும்மா போக முடியாது. ஒரு நம்பரைக் கொடுத்துட்டுத்தான் போகணும். பூஜ்யம் கொடுத்தா, 'என் வேலை முடிஞ்சுது, ஒழுங்காப் போறேன்'னு அர்த்தம். வேற எந்த நம்பர் கொடுத்தாலும், 'விழுந்துட்டேன்'னு அர்த்தம். விழுந்தான்னா மேஸ்திரி அஞ்சு நொடியில தூக்கி நிறுத்திருவான். திரையில சிவப்பா எழுதுவான். சங்கும் ஊதுவான்."

"பூஜ்யம் கொடுத்துட்டுப் போனா?"

"தூக்க மாட்டான். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனவனை எதுக்குக் கையைப் புடிச்சு இழுக்கணும்?"

எனக்கு அந்த மேஸ்திரியை ரொம்பப் பிடித்துப் போச்சு. இந்த மாதிரி ஒருத்தன் எனக்குப் பதினோரு வருசம் முன்னே கிடைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

ஆனால் முதல் வாரமே ஆரம்பித்தது. எலி வந்து சூடு பார்க்கிற வயரைக் கடிக்கும். சூடு எத்தனை என்று தெரியாமல் விசிறிக்காரன் தடுமாறி விழுவான். மேஸ்திரி சங்கு ஊதுவான். அஞ்சு நொடியில் தூக்கி நிறுத்துவான். மறுபடி எலி. மறுபடி சங்கு. ஒரு வாரத்தில் ஏழு தடவை. என் பசு மாடு கறவை குறைந்து போச்சு டீச்சர், பொய் சொல்லவில்லை.

அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது எது தெரியுமா? வெள்ளகோவிலிலிருந்து மகளிர் குழு வந்தது. நாற்பது பெண்கள் சேர்ந்து கோழி வளர்க்கப் போகிறார்கள், ஆறாயிரம் குஞ்சு வேண்டும். அத்தனை பெரிய ஆர்டர் என் வாசலுக்கு அதுவரை வந்ததே இல்லை. இன்னொரு பொரிப்பகத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். குழுத் தலைவி பாப்பாத்தி. நல்ல உயரம், நெற்றியில் காலணா அளவுக்குப் பொட்டு. என்னைவிட அதிகம் பேரம் பேசுகிற பொம்பளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்னறையில் உட்காரவைத்து மோர் கொடுத்து, என் பொரிப்பகத்தில் குறையே கிடையாது என்று சொல்லி வாய் மூடவில்லை, ஊதினான் சங்கு! திரை முழுக்கச் சிவப்பு. "விசிறி: தோற்றது."

பாப்பாத்தி மோரைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, உள்ளே யாராச்சும் போயிட்டாங்களா?" என்றாள். கூட வந்தவர்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிக்கிறார்கள்.

அன்றைக்கே எஸ்தரை வரச்சொன்னேன். அவள் புது வயரை எலி கடிக்காத இரும்புக் குழாய்க்குள் விட்டுக் கொடுத்தாள். "இனிமே விழ மாட்டான்க்கா," என்றாள்.

"விழட்டும், விழாமப் போகட்டும். சங்கு வேண்டாம். சிவப்பும் வேண்டாம்."

"சங்கை எடுத்துடறேன். சிவப்பு இருக்கட்டும்."

"சிவப்பு எடு."

"மஞ்சள் ஆக்கறேன்."

"மஞ்சக்காமாலைன்னு நினைப்பாங்க. பச்சை போடு."

அவள் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள். "அக்கா, பச்சையா எழுதணும்னா அவன் ஒழுங்காப் போனான்னு மேஸ்திரி நம்பணும். நம்பிட்டா தூக்கி நிறுத்த மாட்டான். விழுந்தான்னு சொன்னாத்தானே தூக்குவான்?"

"எப்படி நின்னாலும் தூக்குடான்னு சொல்லி வையி."

"சொல்லலாம். அடுத்தடுத்து அஞ்சு தடவை விழுந்தா அவனே கையை விரிச்சுட்டுச் சிவப்புல எழுதிருவான்."

"அவன் எழுதவே கூடாது. நான் யாருகிட்டப் பேசறேன்? காசு கொடுத்து வாங்கின மேஸ்திரி, வந்த விருந்தாளி முன்னாடி என் மானத்தை வாங்கறதா?"

கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். பசு மாடு திரும்பிப் பார்த்தது. எஸ்தர் பையிலிருந்து ஒரு தாள் எடுத்தாள். "சரிங்கக்கா. அவன் எந்த நம்பரைக் கொடுத்துட்டு விழுந்தாலும் பூஜ்யம்னு எடுத்துக்கச் சொல்லிடறேன். தூக்கி நிறுத்துறது நின்னு போகும். இதை எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க." போட்டேன். பேரத்தில் ஜெயித்தவர்கள்தானே டீச்சர் கையெழுத்துப் போடுவது? அந்தத் தாளை அவள் பெட்டி மேலேயே ஒட்டிவிட்டுப் போனாள். நாச்சிமுத்து மட்டும் அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நின்றான். "என்ன எழுதியிருக்குது?" என்றேன். "நல்லாத்தான் எழுதியிருக்குதுங்க," என்றான்.

அதற்கப்புறம் ஒரு மாசம் பச்சையோ பச்சை. பாப்பாத்தி ஆர்டரும் கொடுத்துவிட்டாள். எண்ணாயிரம் முட்டை வைத்தேன். ஆறாயிரம் குஞ்சு அவர்களுக்கு, மிச்சம் எனக்கு. குறைந்தால் அந்தப் பொம்பளை அடுத்த ஈட்டுக்கு மறுபடி இந்தப் படி ஏற மாட்டாள், இன்னொருத்தன் படி ஏறுவாள். நாற்பது பேரும் நாற்பது ஊரில் சொல்லுவார்கள். பொரிப்பகத்துக்கு வாய்ச்சொல்தான் முதல்.

பதினேழாம் நாள். காலை பத்து மணி இருக்கும். கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டியது. பல்புகூட அணையவில்லை. ஆனால் விசிறிக்காரன் விழுந்துவிட்டான். விழுந்து, ஏதோ ஒரு நம்பரை மேஸ்திரி கையில் கொடுத்திருக்கிறான். மேஸ்திரி என்ன செய்வான் பாவம், நான் சொன்னபடி அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, திரையில் அழகாகப் பச்சையில் எழுதினான். "விசிறி: ஒழுங்காக முடிந்தது." மேலே சூடு தொண்ணூற்றொன்பதரை என்று இருந்தது. கடைசியாகப் பார்த்த சூடு. புதுசாகப் பார்க்கத்தான் ஆள் இல்லையே.

பதினோரு மணிக்குப் பாப்பாத்தி நாலு பேரோடு வந்தாள், குஞ்சுப் பெட்டியின் அளவு பேச. நான் திரையைக் காட்டினேன். "பாருங்க, எல்லாம் பச்சை."

"ஒழுங்காக முடிந்ததுன்னு போட்டிருக்குதே. என்னங்க முடிஞ்சுது?"

"எல்லாமே முடிஞ்சுது. என் பொரிப்பகத்துல எதுவும் ஒழுங்காத்தான் முடியும்."

அந்தச் சமயத்தில் நாச்சிமுத்து கதவோரம் வந்து நின்றான். கையில் ஒரு முட்டை. "நல்லாத்தான் இருக்குதுங்க," என்றான்.

"சரி போ," என்றேன்.

நான் பெட்டிக்கு ஐம்பது குஞ்சு என்கிறேன், பாப்பாத்தி அறுபது அடையும் என்கிறாள். மும்முரமாகப் போய்க்கொண்டிருந்தது. அஞ்சு நிமிசம் கழித்து மறுபடி அவன். முகமெல்லாம் வேர்வை. "நல்லாத்தான் இருக்குதுங்க."

"நான் கேட்டேனா உன்னை? கேட்காம எதுக்குடா வந்து வந்து சொல்றே? பேசிட்டிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

போய்விட்டான். பார்த்தீங்களா டீச்சர், அந்தப் பெல்ட்டுச் சேதிக்கு அப்புறம் கேட்காமல் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு ரெண்டு தடவை சொன்னான். எனக்கு உறைக்கவில்லை என்றால் அது யார் தப்பு? அவன் விவரமாகச் சொல்ல வேண்டாமா?

கொஞ்ச நேரத்தில் வெளியே ஸ்கூட்டர் சத்தம். எஸ்தர்! வாசலுக்கு வராமல், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், பின்பக்கமாக ஓடுகிறாள். குண்டடத்தில் ஒரு கடைக்குக் கேமரா மாட்ட வந்திருந்தாளாம், அது அப்புறம்தான் தெரிந்தது. நான் கூப்பிடாமல் இங்கே எதற்கு வந்தாள்? எழுந்து போய் மெஷின் அறைக் கதவைத் தள்ளினேன். எனக்கு உயிரே போச்சு. மெஷினின் ரெண்டு கதவும் ஆவென்று திறந்து கிடக்கின்றன. நாச்சிமுத்து தீவனச் சாக்கை வைத்துச் சுழற்றிச் சுழற்றி விசிறுகிறான். எஸ்தர் பெட்டி முன்னே குந்தி என்னமோ தட்டுகிறாள்.

"ஏண்டா, கதவைத் திறந்து போட்டு என் முட்டையைச் சாகடிக்கறயா!"

நான் கத்தின கத்தலுக்கு அவன் எப்போதும் சுவரோடு ஒட்டிக்கொள்வான். அன்றைக்கு ஒட்டவில்லை. விசிறுவதையும் நிறுத்தவில்லை. உள்ளே தொங்குகிற கண்ணாடித் தெர்மாமீட்டரைக் காட்டினான். நூற்று மூன்று.

"முட்டையை எடுத்துக் கண்ணுல வெச்சுப் பார்த்தனுங்க, சுட்டுது," என்றான். இமை மேலே முட்டையை வைத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது டீச்சர். கைக்குத் தெரியாத சூடு இமைக்குத் தெரியும். "உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னனுங்க. அப்புறம் எஸ்தரம்மாளுக்குப் போன் போட்டேன்."

"என்னடா சொன்னே? நல்லாத்தான் இருக்குன்னுதானே சொன்னே!"

"கேட்காமயே வந்து சொன்னனுங்களே."

"அண்ணா, விசிறுங்க!" என்றாள் எஸ்தர். "அக்கா, நீங்க அப்புறம் கத்திக்கலாம்." தட்டி முடித்தாள். டடக் என்று ஒரு சத்தம், ஃபேன் ஓட ஆரம்பித்தது. "விசிறிக்காரனை எழுப்பியாச்சு. ஆனா இந்தச் சூட்டை அவன் ஒருத்தனே தள்ள நேரமாகும். கையில கிடைக்கறதை எடுத்து விசிறுங்க."

"ஒழுங்கா முடிஞ்சுதுன்னு பச்சையில போட்டிருந்துதே!" என்றேன்.

 எஸ்தர் பெட்டி மேல் ஒட்டியிருந்த தாளை விரலால் தொட்டுக் காட்டினாள். கீழே என் கையெழுத்து. தெய்வாத்தாளில் கடைசி 'ள்' புள்ளியை நான் அழுத்தி வைப்பேன். அன்றைக்குத் தாளே ஓட்டையாகிற அளவுக்கு அழுத்தியிருந்தேன்.

திரும்பினால் வாசலில் பாப்பாத்தி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். சரி, ஆர்டர் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தேன். அவள் நேராக உள்ளே வந்தாள். மூலையில் அடுக்கியிருந்த முட்டை அட்டை ஒன்றை உருவினாள், சேலையை இடுப்பில் சொருகினாள், மெஷின் முன்னே போய் நின்று விசிற ஆரம்பித்தாள். "என்னங்கடி பார்க்கறீங்க? நம்ம குஞ்சுங்கடி அது!" என்றதும் நாலு பேரும் ஆளுக்கொரு அட்டை. ஒருத்தி கும்மிப் பாட்டு எடுத்துவிட்டாள், அதற்குத் தகுந்தபடி எல்லோரும் விசிறுகிறார்கள். நானும் ஒரு அட்டை எடுத்தேன். எஸ்தர் ஹெல்மெட்டோடு விசிறினாள், கழற்ற மறந்து போச்சு. இருபது நிமிசம். நூற்றிரண்டு. நூற்றொன்று. நூறு. "கதவைச் சாத்தலாங்க," என்றான் நாச்சிமுத்து. அறைக்குள்ளே அப்போதுதான் எல்லோரும் மூச்சு விட்டோம்.

அப்புறம் நாலு நாள். அந்த நாலு நாளை எப்படிச் சொல்வேன்! மறுநாள் விளக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தோம். சிலது அசைந்தது. சிலது அசையவில்லை. எத்தனை என்று எண்ண எனக்குத் துணிச்சல் இல்லை. சோறு இறங்கவில்லை. யாரையும் திட்டவும் தோன்றவில்லை. நாச்சிமுத்து பயந்து போய், "உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டான். "நல்லாத்தான் இருக்குது," என்றேன்.

இருபதாம் நாள் மத்தியானம் ஒரு முட்டையைக் காதோரம் வைத்தேன். உள்ளிருந்து கீச் என்று ஒரு சத்தம். ஓடு உடையும் முன்னேயே கூப்பிடும் டீச்சர், நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. அடுத்ததை வைத்தேன். கீச். அதற்கடுத்தது சத்தமில்லை. அதற்கடுத்தது கீச். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து முப்பது நாற்பது முட்டையைக் காதில் வைத்துப் பார்த்திருப்பேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று எங்கள் வீட்டுக்காரர் எஸ்தருக்கே போன் போட்டுவிட்டார்.

இருபத்தொன்றாம் நாள் காலையில் திறந்தோம். அறை முழுக்க ஒரே இரைச்சல், காது அடைத்துப் போச்சு. எண்ணினோம். ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. வழக்கமாக அதைவிட நானூறு கூட வரும். போகட்டும். நாற்பது பெண்களுக்கும் குறையாமல் கொடுத்தேன். பாப்பாத்தி அப்போதும் விடவில்லை. "நாங்க விசிறின கூலிக்கு நூறு குஞ்சு கூடப் போடுங்க," என்றாள். நான் ஐம்பது என்றேன். எழுபத்தஞ்சில் நின்றது. அடுத்த ஈட்டுக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள். "உங்க பக்கத்துல எது கெட்டாலும் நம்ம கண்ணு முன்னாடியே கெடுதுங்க. அந்த இன்னொரு பொரிப்பகத்துல எல்லாம் எப்பவும் பச்சையாவே இருக்குது. எனக்கு அதுதான் பயமா இருந்துது," என்றாள். பாராட்டுத்தானே அது? பாராட்டுத்தான்.

அப்புறம் எஸ்தரைக் கூப்பிட்டேன். "சங்கை மாட்டு. சிவப்பைப் போடு. அவன் என்ன நம்பரைக் கொடுக்கிறானோ அந்த நம்பரையே மேஸ்திரி கேட்கட்டும். ஃபேன் போட்டும் சூடு இறங்கலைன்னா, அதுக்கும் விசிறிக்காரன் விழுந்தேன்னே சொல்லட்டும். வெள்ளகோவில் வரைக்கும் கேட்கிற மாதிரி ஊதட்டும்," என்றேன்.

"மாட்டறேன். ஒரே ஒரு நிபந்தனை இருக்குது."

"நிபந்தனையா? எனக்கா?"

"சங்கு ஊதினா, நாச்சிமுத்தண்ணன் உள்ளே ஓடணும். நீங்க வெளியே போகணும். பத்து நிமிசம் கழிச்சுத்தான் மெஷின் ரூமுக்குள்ளே வரணும். அதுவரைக்கும் யாரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கக் கூடாது."

எதற்கு என்று எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அந்த அறை சூடு, வேர்க்கும், கூட்டமாக இருக்கும். முதலாளிக்கு எதற்கு அந்தக் கஷ்டம் என்று நினைத்திருக்கிறாள். வயசுக்கு ஒரு மரியாதை. நல்ல பொண்ணு. இருந்தாலும் கேட்டதை அப்படியே கொடுத்தால் நான் தெய்வாத்தாள் இல்லையே! அஞ்சு நிமிசம் என்று ஆரம்பித்தேன். அவள் பத்திலேயே நின்றாள். ஆறு என்றேன். நாச்சிமுத்து சாக்கு மடித்துக்கொண்டே, "பத்துன்னா நல்லாயிருக்குங்க," என்று இடையில் புகுந்தான். யார் பக்கம் பேசுகிறான் பாருங்க! கடைசியில் எட்டுக்குக் கொண்டுவந்தேன். கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டு.

போன வாரம் ஊதியது டீச்சர். நான் மெஷின் அறைக் கதவுக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். ஓடி வந்த நாச்சிமுத்து என்னைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். போன் கையில் இருக்கிறது, மணி பார்க்கிறேன். ஒரு நிமிசம். ரெண்டு. உள்ளே என்னமோ உருளுகிற சத்தம். யார் என்னத்தை உருட்டுகிறான்? மூன்று. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டேன். பசு மாடு என்னையே பார்க்கிறது. நாலாவது நிமிசம் சங்கு நின்றது, கதவு திறந்தது. நாச்சிமுத்து வந்தான். தானாக, யாரும் கூப்பிடாமல், நேராக என் முன்னே வந்து நின்றான்.

"ஃபேன் நின்னு போச்சுங்க. பெல்ட்டு அறுந்துருச்சுங்க. தேஞ்சு போய் மூணு மாசமாகுது, நான்தான் சொல்லலைங்க. இப்ப புதுசு மாட்டிட்டேன். சூடு நூறுல நிக்குதுங்க."

ஒரே மூச்சில். கண்ணைப் பார்த்துக்கொண்டு. பதினோரு வருசத்தில் அவன் என்னிடம் சொன்ன மொத்தத்தையும் கூட்டினாலும் அத்தனை வார்த்தை வராது.

மூன்று மாசமாம் டீச்சர்! தெரிந்துகொண்டே மூன்று மாசம்! எனக்கு இங்கிருந்து, இந்த அடிவயிற்றிலிருந்து, கிளம்பி வந்தது பாருங்க. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாளிகூடப் பக்கத்தில்தான் இருந்தது.

போனைப் பார்த்தேன். ஒப்பந்தப்படி எனக்கு இன்னும் நாலு நிமிசம் பாக்கி.

"சரி, போய்த் தண்ணி குடி," என்றேன்.